மண்டித் தராசும் லித்தியம் பேட்டரியும்

உடுமலைப் பக்கம், ஒரு தென்னந்தோப்புக்கும் வெங்காயக் காட்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அந்தக் கொட்டகையில் ஒரு சின்ன விமானம் குடியிருந்தது. அது வானத்தை இன்னும் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் மேயும் ஆடுகளைத்தான் பார்த்திருந்தது.

அதைச் செய்தவன் சென்னியப்பன். பம்புசெட்டு மோட்டார் பழுது பார்க்கிறவன். ஓட்டப் போகிறவள் அவன் மனைவி சாந்தாமணி. அவளிடம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய விமானி லைசென்ஸ் இருந்தது, விமானம் இல்லை. அவனிடம் ஒரு பட்டறை நிறைய ஸ்பேனர் இருந்தது, மாலை ஆறு மணிக்கு மேல் வேலை இல்லை. இப்படித்தான் நான்கு வருடத்தில் ஒரு விமானம் உண்டாகிவிட்டது. அதில் ஒரே ஓர் இருக்கை. இரண்டு பேர் செய்த விமானத்தில் ஏன் ஓர் இருக்கை என்று யாராவது கேட்டால், "எனக்கு உசரம்னா ஆவாதுங்க" என்று சொல்லிவிடுவான் சென்னியப்பன்.

அனுமதிகளெல்லாம் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகப் பறப்பது என்று முடிவாயிற்று. பக்கத்தில் ஒரு மில்காரர் என்றோ போட்டு வைத்த ஓடுபாதைதான் கிடைத்தது. அது நீளம் குறைவு. விமானம் கொஞ்சம் இளைத்தால் நல்லது என்று சாந்தாமணி சொன்னாள். அதனால் மூக்கில், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு கிலோ ஈய பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் கூரியரில் லித்தியம் பேட்டரி வந்து சேர்ந்தது. அதன் எடை இரண்டு கிலோ.

கொட்டகையில் இருந்த பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஆனால் அது மனிதர்கள் காதில் விழாது.

"நீங்கள்தான் எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்தவரா?" என்று கேட்டது லித்தியம்.

"ஆமாம். ஏழு கிலோ," என்றது ஈய பேட்டரி. அதற்கு அறிமுகம் என்றால் எடையைச் சொல்வதுதான்.

"நான் இரண்டு கிலோ. அதே வேலையைச் செய்வேன். என்னோடு என்னைப் பற்றி ஒரு புத்தகமே வந்திருக்கிறது, பார்த்தீர்களா? பதினோரு மொழியில்."

"தமிழில் இருக்கிறதா?"

"இல்லை."

"சரி. மீதி ஐந்து கிலோ வேலையை யார் செய்வது?"

"அதில் வேலை ஒன்றும் இல்லை. அது வெறும் எடை."

"வெறும் எடைதான். மூக்கைக் கீழே அழுத்திப் பிடித்திருந்ததும் அந்த வெறும் எடைதான்," என்றது ஈய பேட்டரி. அக்கறையில் சொன்னதல்ல. இடம் போன எரிச்சலில் சொன்னது.

லித்தியம் புத்தகத்தை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தது. மூக்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எனவே அப்படி ஒரு விஷயம் கிடையாது என்று முடிவு செய்தது.

எங்கே உட்காருவது என்பதுதான் அடுத்த பேச்சு. பழைய இடத்தில் எஞ்சின் சூடு தாங்காது. லித்தியத்துக்குச் சூடு ஆகாது, அளவு மீறினால் நெருப்பே பிடித்துக்கொள்ளும். மிஞ்சியது இரண்டு இடம். ஒன்று, இருக்கைக்குப் பின்னால் உள்ள தட்டு. காற்று வரும், வெளிச்சம் வரும், விமானி உட்காரும் கூண்டின் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர்களும் பார்க்கலாம். இன்னொன்று, டேஷ்போர்டுக்கு அடியில், எஞ்சினைப் பிரிக்கும் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம், விமானியின் பாதங்களுக்கு நேர் மேலே. இருட்டு. இடுக்கு. அங்கே திருப்புளியைக் கொண்டுபோகவே ஒரு ஆள் தலைகீழாகப் படுக்க வேண்டும்.

"பின்னால்தான்," என்றது லித்தியம்.

சென்னியப்பனும் அதையேதான் சொன்னான். அவனுக்கு இடுப்பு வலி.

"ஏனுங்க, இடுப்பக் கேட்டு முடிவு பண்றதுங்களா இது?" என்றாள் சாந்தாமணி. "நிறுத்துப் பாக்கலாம். கணக்கு என்ன சொல்லுதோ அங்க வெய்யுங்க."

விமானத்தை நிறுக்க மூன்று தராசு வேண்டும். முன் சக்கரம் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. பட்டறையில் இரண்டுதான் இருந்தன. அவை மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி நிறுத்துப் பழகியவை. பத்து கிராம் முன்னே பின்னே ஆனால் அவற்றுக்குத் தூக்கம் வராது. மூன்றாவதைச் சென்னியப்பன் ஊரிலுள்ள வேலுச்சாமியின் வெங்காய மண்டியில் இரவல் வாங்கி வந்தான். பெரிய இரும்புப் பலகை, சிவப்பு எண்கள், எதையும் கண்டு அசராத முகம்.

இரவல் தராசை அப்படியே நம்புகிறவர்கள் இல்லை அவர்கள். சாந்தாமணி அதன் மேல் ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்தாள். ஐந்து என்று காட்டியது. இன்னும் இரண்டு கிலோவைச் சேர்த்தாள். ஏழு என்றது. லித்தியத்தை மட்டும் வைத்தாள். இரண்டு என்றது.

"கரெக்டா இருக்குதுங்க," என்றாள்.

லித்தியத்தைப் பின்தட்டில் திருகு போடாமல் வைத்தார்கள். முன் சக்கரங்களைப் பட்டறைத் தராசுகள் மேல் ஏற்றினார்கள். விமானம் பறக்கும்போது இருப்பதுபோல மட்டமாக நிற்க, வாலைத் தூக்கி, மேசை மேல் மண்டித் தராசை வைத்து, அதன் மேல் வாலை இறக்கினார்கள்.

தராசு இருபத்திரண்டு என்று காட்டியது.

"ஐயோ, நான் இருபத்து நாலு!" என்று கத்தியது வால்.

"தெரியும்," என்றது மண்டித் தராசு.

"பிறகு?"

"இரண்டு கிலோ சாக்குக் கழிவு."

"எந்தச் சாக்கு? என் மேல் ஏது சாக்கு?"

"எங்கள் மண்டி வழக்கம் அது. பத்துக் கிலோவுக்கு மேல் எது வந்தாலும் மூட்டை. மூட்டை என்றால் சாக்கு உண்டு, ஈரம் உண்டு, மண் உண்டு. இரண்டு கிலோ கழித்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அப்படித்தான் அமைத்துவைத்திருக்கிறார்கள். நானும் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

"எடைக்கல்லுக்குச் சரியாகச் சொன்னாயே?"

"ஐந்து கிலோவில் மூட்டை கிடையாதே."

வால் தன் மேல் எங்காவது சாக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது.

"ஒரு தடவை கோயிலுக்கு நேர்ந்த ஆட்டுக்கிடாயை ஏற்றினார்கள்," என்று தொடர்ந்தது தராசு. "அதற்கும் இரண்டு கிலோ கழித்தேன்."

"யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?"

"கிடாய் கத்தியது. அது ஏறும்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது."

சென்னியப்பன் மூன்று எண்களையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் ஒரு தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டான். விமானத்தின் மொத்தக் கனமும் எந்த இடத்தில் தொங்குகிறது என்று பார்க்கும் கணக்கு அது. அந்த இடம் ஒரு கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. அவன் கணக்குப்படி கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் இருந்தது.

"பின்னாடியே வெச்சரலாம், சாந்தா. எடம் இருக்குது."

"இன்னொருக்கா நிறுங்க. எதையும் மூணு தடவ நிறுத்தாத்தான் எனக்கு நெறவு."

இரண்டாம் தடவையும் தராசு இருபத்திரண்டே காட்டியது. சொன்ன சொல் மாறுகிற தராசு இல்லை அது.

இருவரும் டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் வால் பிடித்துக்கொண்டது.

"உனக்கு இந்த இரண்டு கிலோவின் அருமை தெரியாது. முன்னால் இருப்பவனுக்கு இரண்டு கிலோ என்றால் இரண்டு கிலோ. நான் சக்கரத்திலிருந்து பன்னிரண்டு அடி பின்னால் இருக்கிறேன். இங்கே இருக்கிற இரண்டு கிலோ முழு விமானத்தையும் பின்னால் இழுக்கும். கணக்கு கோட்டுக்கு முன்னால் இருக்கிறது என்று சொல்கிறது. நிஜத்தில் கோட்டைத் தாண்டிவிட்டோம்."

"தாண்டினால் என்ன?" என்று கேட்டது தராசு. சண்டைக்குக் கேட்கவில்லை. மண்டியில் எதுவும் பறப்பதில்லை.

"மூக்கு கனத்த விமானம் சோம்பேறி. வால் கனத்த விமானம் கிறுக்கு. தரையை விட்டதும் மூக்கு மேலே போகும். அந்த அம்மாள் கைப்பிடியை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் கீழே வராது. வேகம் செத்துப்போகும். அதற்குப் பிறகு மொத்தமாகக் கீழே வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுக்க ஒன்றும் இருக்காது."

பின்தட்டிலிருந்து லித்தியம் குறுக்கிட்டது.

"தராசு அண்ணே, நீங்கள் உங்கள் வழக்கப்படியே சொல்லுங்கள். இருபத்து நாலு என்று சொன்னீர்களானால், என்னைத் தூக்கிக் கால்மாட்டு இடுக்கில் வைத்துவிடுவார்கள். நான் இரண்டே கிலோ. நான் எங்கே உட்கார்ந்தால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?"

"அப்படியானால் என்னையே திரும்ப மூக்கில் வைக்கட்டும்," என்றது தரையிலிருந்த ஈய பேட்டரி. "நான் இருந்தவரை இந்தப் பேச்சே இல்லை."

"நீங்கள் இருந்தவரை இது பறக்கவும் இல்லை," என்றது லித்தியம்.

"நிறுத்துங்கள்," என்றது வால். "அந்த இருக்கையில் ஒரு ஆள் உட்காரப் போகிறது. அதை நினைத்தீர்களா?"

மண்டித் தராசு யோசித்தது. "ஆளா? நான் ஆளை நிறுத்ததில்லை. மண்டிக்கு வருகிற ஆட்கள் மூட்டையை என் மேல் வைத்துவிட்டு எட்டி நிற்பார்கள். நான் யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ சொல்வதில்லை, தம்பி. உனக்காகவும் இல்லை, வாலுக்காகவும் இல்லை. வழக்கம் எதுவோ அதைச் சொல்கிறேன்."

லித்தியத்துக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

டீ குடித்துவிட்டு இருவரும் திரும்பி வந்தார்கள். மூன்றாம் தடவை சாந்தாமணி இருக்கையில் உட்கார்ந்த நிலையில் நிறுக்க வேண்டும். அதற்கு முன் வாலைத் தூக்கிவிட்டு மண்டித் தராசைத் தரையில் வைத்துத் துடைத்தாள். எடை பார்க்கும் பலகை ஒன்று சும்மா கிடந்தால் அதில் ஏறிப் பார்க்காத மனிதர்கள் குறைவு. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

தராசு தன் மேல் வந்ததை எடைபோட்டது. சூடான இரண்டு பாதங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் கனம். எனவே மூட்டை. எனவே கழிவு. அது வழக்கப்படி சாக்கைத் தேடியது. சாக்கு இல்லை. ஈரம் உண்டா என்று பார்த்தது. வேர்வை கொஞ்சம் இருந்தது, இரண்டு கிலோ வராது. மண் இல்லை, அவள் கால் கழுவியிருந்தாள். பிறகு எதைக் கழிப்பது? கையையா? காலையா? இரண்டு கிலோவுக்கு இந்த உடம்பில் எது தேவையில்லாதது?

பன்னிரண்டு வருடத்தில் அது இப்படித் தடுமாறியதில்லை. சிவப்பு எண்கள் துடித்தன. கடைசியில் அறுபத்தொன்று என்று காட்டியது. முழு எடை.

"காலைல பட்டறைத் தராசுலயும் அறுவத்தொண்ணுதானுங்க," என்றாள் சாந்தாமணி.

"பாத்தியா? எனக்கென்னமோ அப்பவே தெரியும், மிசினு தங்கம்," என்றான் சென்னியப்பன். "இனி மூணாவது தடவை எதுக்கு?"

தராசுக்கு இது சங்கடமாகிவிட்டது. அது ஒரு உண்மையைச் சொன்னது. அந்த உண்மையை வைத்தே முந்தைய பொய்க்கு முத்திரை குத்திவிட்டான் இந்த மனிதன்.

"பார்த்தீர்களா அண்ணே," என்றது லித்தியம். "உங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை! கெடுத்துக்கொள்ளாதீர்கள்."

நல்லவேளை, சாந்தாமணி பிடிவாதக்காரி. "மூணுன்னா மூணு," என்று சொல்லி விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சென்னியப்பன் முனகிக்கொண்டே தராசைத் திரும்ப மேசை மேல் ஏற்றி, வாலைத் தூக்கி அதன் மேல் இறக்கினான்.

இப்போது தராசின் மேல் இருந்தது வால் மட்டும் அல்ல. இருக்கையில் இருக்கிறவளின் கனத்தில் ஒரு பங்கும் வந்து சேர்ந்திருந்தது. சற்று முன் தன் மேல் நின்ற அதே ஆள் என்று தராசுக்குத் தெரிந்தது. எது வால், எது அவள் என்று பிரித்துப் பார்க்க முயன்றது. முடியவில்லை. எல்லாம் ஒரே கனமாக வந்து இறங்கியிருந்தது. இரண்டு கிலோவை எடுத்தால் அதில் அவளும் கொஞ்சம் போய்விடுவாள்.

"அண்ணே, வழக்கம்!" என்று கத்தியது லித்தியம்.

தராசு முப்பத்து மூன்று என்று காட்டியது.

சென்னியப்பன் காகிதத்தைப் பார்த்தான். மறுபடியும் தராசைப் பார்த்தான்.

"நீ ஏறுனா வாலுல ஒம்பது கிலோ கூடோணும். இருவத்திரண்டும் ஒம்பதும் முப்பத்தொண்ணு. இது முப்பத்து மூணு காட்டுது. ஏம்புள்ள, பையில என்னத்த வெச்சிருக்கற?"

"ஒண்ணுமில்லீங்களே. போனு கூட மேசைமேல இருக்குது."

"சாவிக்கொத்து?"

"உங்ககிட்டதான இருக்குது."

"பின்ன ரெண்டு கிலோ எங்கிருந்து வந்துச்சு?"

"தாலிக்கொடி ஏழு பவுனுங்க. ரெண்டு கிலோ இல்ல."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவன் தவறு கண்டுபிடித்துப் பிழைக்கிறவன். எண் சரியாக வராதபோது சிரிக்க மாட்டான். சாந்தாமணி இறங்கி வந்தாள். முன் சக்கரத்தின் கீழிருந்த பட்டறைத் தராசு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்து, வாலை அதன் மேல் இறக்கினார்கள். விமானத்தில் ஆள் இல்லை.

பட்டறைத் தராசு கொஞ்சமும் யோசிக்காமல் இருபத்து நாலு என்றது.

"ரெண்டு தடவ இருவத்திரண்டு காட்டுச்சே!" என்றான் சென்னியப்பன்.

சாந்தாமணி மண்டித் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சாக்குக் கழிவுங்க. எங்கப்பா வெங்காயம் போட்ட காலத்துல மூட்டைக்கு ரெண்டு கிலோ உட்டுட்டுத்தான் வருவாரு. மிசினு வந்தப்பறம் அதுக்குள்ளயே வெச்சுட்டாங்களாட்ட இருக்குது. நாந்தான் மறந்துட்டேன்."

"அப்ப உனக்கு மட்டும் எப்படிச் சரியாக் காட்டுச்சு?"

"அது தெரியிலீங்க."

சென்னியப்பன் கணக்கை மறுபடியும் போட்டான். பேட்டரி பின்தட்டில் இருந்தால், கோட்டுக்கு விரற்கடையில் கால் பங்கு பின்னால். காகிதத்தில் அது ஒரு பென்சில் கோட்டின் கனம்தான். அவன் பென்சிலைக் கீழே வைத்தான். தேங்காய் மூட்டை மேலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழமை நீ ஏறியிருந்தீன்னா..."

"ஏறுல இல்லீங்க."

"நானே செஞ்சு, நானே கணக்குப் போட்டு, நானே ஏத்தி உட்டிருப்பேன் சாந்தா."

"அதான் ஏறுலயே. எந்திரிங்க. பேட்டரிய முன்னால மாத்தோணும்."

அவன் எழுந்து பின்தட்டிலிருந்து லித்தியத்தை எடுத்தான். அவன் கை நடுங்குவது லித்தியத்துக்குத் தெரிந்தது. புத்தகத்தில் சூட்டைப் பற்றி எழுதியிருந்தது, அதிர்வைப் பற்றி எழுதியிருந்தது, ஷார்ட் ஆவதைப் பற்றிப் பதினோரு மொழியில் எழுதியிருந்தது. ஒரு மனிதனின் கை நடுங்குவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் ஜன்னலுக்காக நான் கேட்டது இதையா என்று லித்தியம் நினைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதும் புத்தகத்தில் இல்லாததால், கொஞ்ச நேரம் அதைச் சூடு என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளி முழுக்க வேலை நடந்தது. சென்னியப்பன் இருக்கையில் காலை வைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தலைகீழாகக் கிடந்தான். சாந்தாமணி வெளியிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாக நீட்டினாள். தகரச் சுவரில் சூடு தடுக்கும் விரிப்பை ஒட்டி, ஓர் அங்குலம் தள்ளி அலுமினியப் பெட்டியை மாட்டினார்கள். அதற்குள் லித்தியத்தை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை போட்டு இறுக்கினார்கள். ஏதாவது புகைந்தால் வெளியே போக ஒரு குழாய் விட்டார்கள். முனைகளுக்குச் சிவப்புத் தொப்பி போட்டார்கள். எஞ்சினிலிருந்து வரும் சார்ஜ் அளவு மீறாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். பின்தட்டு வரை போக வேண்டியிருந்த தடித்த செம்புக் கம்பியும் மிச்சம்.

"இடுப்பு எப்படிங்க இருக்குது?"

"இடுப்பா? அது யாரு?" என்றது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

சனிக்கிழமை பட்டறைத் தராசுகளை மாற்றி மாற்றி வைத்து மூன்று தடவை நிறுத்தார்கள். கணக்கு கோட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. ஆனால் நூல் அளவுதான். நூல் அளவெல்லாம் துணிக்கடையில் போதும் என்றாள் சாந்தாமணி. அதனால் மூக்கில், ஈய பேட்டரி இருந்த அதே இடத்தில், ஒன்றரைக் கிலோ இரும்புத் தட்டு ஒன்றை இரண்டு போல்ட் போட்டு மாட்டினார்கள்.

ஈய பேட்டரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "வெறும் எடை," என்றது. யாரும் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணி. சென்னியப்பன் ஓடுபாதையிலிருந்து ஆடுகளை விரட்டினான். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். சாந்தாமணி ஏறி உட்கார்ந்தாள். அவள் பாதங்கள் லித்தியத்துக்கு நேர் கீழே வந்து நின்றன. வெளியே எதுவும் தெரியவில்லை. எஞ்சினை எழுப்பச் சொல்லி அவள் பொத்தானை அழுத்தினாள். லித்தியம் தன்னிடம் இருந்ததை அப்படியே கொடுத்தது. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

விமானம் ஓடியது. வால் முதலில் எழுந்தது. எலுமிச்சம்பழச் சாறு தெறித்த சக்கரங்கள் அதன்பின் தரையை விட்டன. மூக்கு எழுந்தது. எவ்வளவு எழ வேண்டுமோ அவ்வளவு எழுந்தது. சாந்தாமணி கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளினாள். மூக்கு சொன்னபடி இறங்கி மட்டத்துக்கு வந்தது.

கீழே சென்னியப்பன் மேலே பார்க்கவில்லை. அடுத்தவர் உயரத்தில் இருந்தாலும் அவனுக்கு உள்ளங்கால் கூசும். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

எண்ணூறு அடி உயரத்தில் சாந்தாமணி ஒரு காரியம் செய்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பத்து வரை எண்ணியும் மூக்கு ஏறவில்லை, இறங்கவில்லை. விமானம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அங்கே கேட்க யாரும் இல்லை, கால்மாட்டில் ஒரு பேட்டரியைத் தவிர.

"நான் எப்படி இருக்கிறேன்?" என்று இருட்டிலிருந்து கேட்டது லித்தியம்.

"நீ இருப்பதே தெரியவில்லை," என்றது வால். வாலின் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

இறங்கி வந்ததும் சென்னியப்பன் ஓடிப்போய்க் கூண்டைத் திறந்தான்.

"எப்படி இருந்துச்சு?"

"கைய எடுத்துட்டனுங்க. அதுபாட்டுக்குப் போச்சு."

அவன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் மண்டித் தராசைக் கொண்டுபோய் வேலுச்சாமியிடம் ஒப்படைத்தான் சென்னியப்பன். சாக்குக் கழிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க நினைத்துத்தான் போனான். இரவல் வாங்கிய இடத்தில் குறை சொல்வது எப்படி என்று தெரியாமல், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

தராசு தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் ராக்கியப்பன். இரண்டு ஏக்கர் வெங்காயக்காரர். மூட்டையைத் தூக்கித் தராசின் மேல் வைத்துவிட்டு எட்டி நின்றார். பத்துக் கிலோவுக்கு மேல் கனம். இங்கே சாக்கும் இருந்தது. தராசு அந்தச் சாக்கை முதல் தடவையாக உற்றுப் பார்த்தது. அரைக் கிலோகூடத் தேறாது. மீதி ஒன்றரைக் கிலோவுக்கு எதைக் கழிப்பது என்று மூட்டைக்குள் தேடியது. வெங்காயம்தான் இருந்தது. அதைத் தோளில் சுமந்து வந்தவரின் தோள் சூடும் கொஞ்சம் இருந்தது.

சாக்கோடு வந்ததைச் சாக்கோடு சொல்லிவிடுவது என்று தராசு முடிவு செய்தது. ஐம்பத்திரண்டு என்று காட்டியது.

ராக்கியப்பன் எண்ணைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அடுத்தவர் பொருளில் ஒரு கடுகுகூட வேண்டாம் என்கிற மனிதர் அவர். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேலுச்சாமியைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க மிசினுல என்னமோ கோளாறுங்க. ஊட்டுல நிறுத்தப்ப அம்பத்திரண்டு. இங்கயும் அம்பத்திரண்டே காட்டுது."